உண்டியலை உடைத்த சம்பூர்ணம்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்று காலை ஏழேகால் மணிக்கு மாதனூரில் கம்பெனி பஸ் கதவு மூடும்வரை பிறந்த அத்தனை தலைவர்களையும் வரிசையாக நிற்க வைத்தால், முதல் ஆளாக நிற்பவர் எங்கள் சம்பூர்ணம் அக்காதான். மற்றவர்கள் நாடு பிடித்தார்கள், கடல் தாண்டினார்கள், கோட்டை கட்டினார்கள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்த இருபத்திரண்டு பெண்களை எழுப்பி, வேறு இடத்தில் உட்கார வைத்து, ‘இதுதான் நல்லாருக்கு’ என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தவர் யாராவது உண்டா? சரித்திரப் புத்தகத்தில் தேடினேன். பிளஸ் டூவைப் பாதியில் விட்டதால் பாதிப் புத்தகம்தான் தேடினேன். அந்தப் பாதியில் யாரும் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் நாலாம் லைனுக்கு சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் லைனின் வேலை. இருபது வயதில் நூல் வெட்டுகிற ஆளாகச் சேர்ந்து, தையல் மிஷினில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, பத்து வருஷத்துக்கு முன்பு சூப்பர்வைசர் ஆனவர். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். மூக்குக் கண்ணாடியைக் கறுப்பு ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் தப்பு செய்தவர் தானாக வந்து முன்னால் நின்றுவிடுவார். நான் மட்டும் நிற்க மாட்டேன். என் பெயர் எழிலரசி. பதினெட்டு முடிந்து நாலு மாதம். ஒன்பதாம் மிஷின்.

கதை ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் புகழேந்தி சார் சென்னையில் மூன்று நாள் ட்ரெயினிங் முடித்து வந்திருந்தார். எங்களை கேன்டீனில் உட்கார வைத்து, சுவரில் படம் காட்டினார். படம் முழுக்க அம்புக்குறி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மேலே, மேலேயிருந்து ஒரு வட்டத்துக்குள்ளே.

“சேஞ்ச்,” என்றார் சார். “இனிமே பண்டில் சிஸ்டம் கிடையாது. ஒரு ஜோடி தைச்சு முடிச்சதும் பக்கத்து கைக்குப் போகணும். ஒன் பீஸ் ஃப்ளோ.”

ஜஹீருன்னிசா ஆபா கை தூக்கினார். ஏழாம் மிஷின், லைனிலேயே வேகமான கை. அக்கா என்பதை அவர்கள் வீட்டில் ஆபா என்பார்கள். லைனில் எல்லோருக்குமே அவர் ஆபாதான்.

“சார், அந்த அம்புக்குறில நாங்க எங்க இருக்கோம்?”

சார் சுவரைத் திரும்பிப் பார்த்தார். தேடினார். நாங்கள் இல்லை.

“அதான் பாத்தேன்,” என்று ஆபா கையை இறக்கிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் சார் விஷயத்துக்கு வந்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நாலாம் லைன் ஒரு மணி நேரத்தில் அறுபது ஜோடி தைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் எல்லா லைனும் இப்படியே மாறும். காட்டாவிட்டால் நாலாம் லைனையே எடுத்துவிட்டு, எங்களை ராணிப்பேட்டை யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்குப் பக்கத்தில் முனியம்மாக்கா உட்கார்ந்திருந்தார். ஒடுகத்தூருக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். முதல் பஸ் பிடித்து மாதனூர் வந்து, அங்கே கம்பெனி பஸ் ஏறுகிறார். ராணிப்பேட்டை அவ்வளவு தூரம், அங்கே என்றால் அவருக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அவருக்கு மட்டுமில்லை, பாதிப் பேருக்கு.

“எத்தினி நாள் சார் இருக்கு?” என்று கேட்டார் சம்பூர்ணம் அக்கா.

“லீவு போக எட்டு நாள்.”

“சரிங்க சார்.” அவ்வளவுதான் சொன்னார்.

இங்கே பழைய முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பயம் புரியாது. முன்பெல்லாம் பன்னிரண்டு ஜோடி ஒரு கட்டாக வரும். என் தையலை முடித்துக் கட்டோடு அடுத்த மிஷினுக்குத் தள்ளுவேன். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று மணிக்கு ஒரு தடவை எண்ணுவார்கள். காலையில் கை சூடாக இருக்கும்போது நாலைந்து ஜோடி கூடுதலாக முடியும். அதைக் காட்ட மாட்டோம். மிஷின் மேசைக்கு அடியில் ஒரு துணிப்பை தொங்கும், அதில் போட்டுவிடுவோம். எண்ணிக்கை குறைகிற நேரத்தில் பையிலிருந்து எடுத்துக் கட்டோடு சேர்த்துவிடுவோம். இதற்கு ‘உண்டியல்’ என்று பெயர். புதிதாகச் சேர்கிறவளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லித் தருகிற அன்றே உண்டியல் கட்டவும் சொல்லித் தருவார்கள். எந்த சூப்பர்வைசருக்கும் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை.

ஒவ்வொரு ஜோடியாகக் கைமாறினால் உண்டியல் போட வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா ஒரு காரியம் செய்தார். கம்பெனி பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் ஆபாவுடையது. அன்று அதில் போய் அக்கா உட்கார்ந்துகொண்டார். ஆபா ஏறினார், பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர் வரை நின்றே வந்தார். காலி சீட் நாலு இருந்தது.

லைனுக்கு வந்ததும் அக்கா புகழேந்தி சாரிடம் போனார். “ஒரு சீட்டு மாத்துனதுக்கே ஆபா நின்னுக்கிட்டு வந்தா சார். நீங்க இருவத்திரண்டு மிஷின மாத்தியிருக்கீங்க. யாரு பக்கத்துல யாருன்னு அவங்களே சொல்லட்டும். அது மட்டும் என்கிட்ட விட்டுடுங்க.”

மெக்கானிக்குகள் முந்தின சாயந்திரமே மிஷின்களை ‘ப’ வடிவத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் பக்கத்தில் யார் என்று எங்களைக் கேட்டு, அக்கா அவற்றை மறுபடி நகர்த்த வைத்தார். ஆபாவிடம் மட்டும் தனியாக, “சீட்டுக்குக் கோச்சிக்காத,” என்றார்.

“கோவம் இல்ல. பேஜாரா இருந்துச்சு, அவ்ளோதான்,” என்றார் ஆபா. “நாளைக்கும் உக்காந்தீன்னா கோவம்.”

அன்றைக்கு மணிக்கு முப்பத்தொன்று. புதன் முப்பத்துமூன்று. ஒருத்தி நின்றால் மொத்த லைனும் நிற்கிறது. நின்றால் என்ன செய்வோம், நிறுத்தியவளைப் பார்ப்போம். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஊசி வழுக்கும்.

புதன் மத்தியானம் அக்கா ஒரு காலி ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, மணிக்கு மணி எண்ணிக்கை எழுதுகிற போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “என்ன வேணா எழுதிப் போடுங்க. பேரு வேணாம்.”

யார் எழுதுவார்கள்? நான் எழுதினேன். இரண்டு சீட்டு. முதல் சீட்டு: ‘மூணாவது ஃபேன் தலை சுத்துதுன்னு சொல்லுது, அதுக்கு அரை நாள் லீவு வேணும்.’ இரண்டாவது: ‘கேன்டீன் பூனை தினமும் கேட் தாண்டி வருது. ஐடி கார்டு இல்லை. செக்யூரிட்டிக்கு எதிரான செயல்.’ அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

வியாழன் காலை எல்லோர் முன்பும் டப்பாவைத் திறந்து, சிரிக்காமல், சத்தமாகப் படித்தார் அக்கா. “ஃபேனுக்கு லீவு சாங்ஷன்,” என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்ற வைத்தார். உண்மையாகவே அதன் போல்ட் லூசாக இருந்தது. வெள்ளிக்கிழமை போர்டு ஆணியில் ஒரு ஐடி கார்டு தொங்கியது. போட்டோவில் பூனை. பெயர்: மாணிக்கம். துறை: எலி கண்ட்ரோல்.

லைனே விழுந்து விழுந்து சிரித்தது. முனியம்மாக்கா மட்டும் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதான் அந்த அதிசயம் நடந்தது. காலை முதல் மணியில் நாற்பத்தேழு. அடுத்த மணி ஐம்பத்திரண்டு. பதினோரு மணிக்கு ஐம்பத்தெட்டு. புகழேந்தி சார் ஓடி வந்தார், போர்டை போட்டோ எடுத்தார், மேலே யாருக்கோ அனுப்பினார். எங்களுக்குச் சந்தோஷம் பாதி, மீதி வேறு. ஏனென்றால் விஷயம் எங்களுக்குத் தெரியும். சம்பூர்ணம் அக்காவைத் தோற்க விடக் கூடாது என்று எல்லோரும் அவரவர் உண்டியலைத் திறந்து, பழைய துண்டுகளை நைசாக லைனில் கலந்துகொண்டிருந்தோம். யோசனை என்னுடையது.

பன்னிரண்டரைக்கு செக்கிங் மேசையிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஒரு ஜோடிக்கு இடதும் வலதும் ஒரே தோலில் வெட்டியதாக இருக்க வேண்டும். தோலுக்குத் தோல் நிறம் ஒரு துளி மாறும். நாங்கள் அவசரத்தில் இடதுக்கு உண்டியலையும் வலதுக்குப் புதுசையும் விட்டிருந்தோம். மேசையில் நாற்பத்தொரு ஜோடி வரிசையாக இருந்தது. இடது காபி, வலது டீ.

“மணிக்கு முப்பத்தி எட்டு ஜோடிக்குத் துண்டு குடுத்தா அம்பத்தெட்டு ஜோடி வெளிய வருது,” என்றார் புகழேந்தி சார். முகம் வெளுத்திருந்தது. “இது ஷூ கம்பெனியா, மேஜிக் ஷோவா? யாரு பண்ணது?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். யாரும் முன்னால் போய் நிற்கவில்லை. இருபத்திரண்டு பேரும் செய்த தப்புக்கு எந்த ஒருத்தி போய் நிற்பாள்?

“என் லைன் சார்,” என்றார் அக்கா. “நான்தான் பதில் சொல்லணும். எனக்கு நாளைக்கு ஒரு நாள் குடுங்க.”

அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஆபாவின் சீட்டில் ஆபாதான் இருந்தார், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை காலை டப்பாவில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. அக்கா நின்றபடியே படித்தார். இன்னொரு தடவை படித்தார். வழக்கம்போலச் சத்தமாகப் படிக்கவில்லை. எட்டாக மடித்துத் தன் ஐடி கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். அதில் எழுதியிருந்தது இதுதான்:

‘அக்கா, உண்டியல் கவுண்ட்டுக்காக இல்ல. முனியம்மாக்காவுக்கு சுகர். மணிக்கு ஒரு தடவ பாத்ரூமுக்கு எழுந்திருக்கணும். அஞ்சு ஜோடி ஒளிச்சு வெச்சாதான் அஞ்சு நிமிஷம் கெடைக்கும். இப்ப அவங்க எழுந்தா லைனே நின்னு அவங்களையே பாக்குது. நாலு நாளா அவங்க தண்ணியே குடிக்கல.’

யார் எழுதியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்கா மிஷின்களை நிறுத்தச் சொன்னார். நேராக ஏழாம் மிஷினுக்குப் போய், ஆபாவை எழுப்பி, புடவையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு ஆபாவின் துணிப்பையை எடுத்து மேலே வைத்தார். ஆபா சுவர் பக்கம் பார்த்தார்.

“எல்லாரும் குனிஞ்சு பாருங்க. பை மாட்டற இந்த ஆணிய அடிச்சது யாருன்னு தெரியுமா?”

“நான் வர்றதுக்கு முன்னயே இருந்துச்சு,” என்றார் ஆபா. “சத்தியமா நான் இல்ல.”

“நான்தான். இருவது வருஷம் ஆச்சு. பையன் வயித்துல இருந்தான். மணிக்கு ரெண்டு தடவ எழுந்திருக்கணும், கேக்க வாய் வராது. ஷூ அடில அடிக்கற ஆணிய எடுத்து, ஷூ குதிகாலாலயே அடிச்சேன். இந்தக் கம்பெனில மொத உண்டியல் என்னுது.”

கீழே உட்கார்ந்தபடியே சொன்னார். எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் குனிந்தபடி நின்றிருந்தோம்.

“அடிப்பாவி,” என்றார் ஆபா மெல்ல. “பத்து வருஷமா உன் ஆணிலதான் தொங்கவுடறேனா?”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆபாதான் முதலில் பையைக் கவிழ்த்தார். பிறகு நான். பிறகு ஒவ்வொருத்தியாக. எந்தப் பை யாருடையது என்று அக்கா குறித்துக்கொள்ளவில்லை, பார்க்கக்கூட இல்லை. குவியல் முழங்கால் உயரம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு நின்றுபோன டிசைன்கூட அதில் இருந்தது. அத்தனை வருஷம் ஒளித்ததை நடுவில் கொட்டியபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

அக்கா ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சிவப்பு ஷூ லேஸ் கட்டினார். “எழுந்திருக்கணுமா, லேஸத் தூக்கி மேல போடு. காரணம் சொல்ல வேணாம். நான் வந்து உன் மிஷின்ல உக்காருவேன். லைன் நிக்காது.”

புகழேந்தி சார் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன பிறகு மிஷினைத் தொடுவது கிடையாது. தொட்டால் பதவி இறங்கிவிட்டதாகப் பேசுவார்கள்.

“நீங்களே மிஷின்ல உக்காந்துட்டா யாரும்மா லைன பாக்கறது?”

“ஓடற லைன எதுக்கு சார் பாக்கணும்? நின்னாதான் பாக்கணும்.”

முதல் லேஸைத் தூக்கியது நான். சும்மா, சோதித்துப் பார்க்க. அக்கா ஓடி வந்து என் மிஷினில் உட்கார்ந்து தைத்தார். தையல் பாலாறு மாதிரி வளைந்து போனது. பத்து வருஷமாகக் கை மறந்துபோயிருந்தது.

“பிரிச்சுப் போடு,” என்று ஆபா தலையில் அடித்துக்கொண்டார். “சூப்பர்வைசராம்.”

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, கழிவுத் தோலில் தைத்துப் பழகினார். பக்கத்தில் ஆபா நின்று விரட்டிக்கொண்டிருந்தார். “கால லூசா வுடு. அழுத்தாத. இன்னா அவசரம் உனக்கு?” வரிசையாக ஒவ்வொரு மிஷினாகப் போனார்கள். திங்கள் நாற்பத்துநாலு. செவ்வாய் ஐம்பத்தொன்று. புதன் ஐம்பத்தாறு. இந்தத் தடவை கொடுத்தது எத்தனையோ, வந்தது அத்தனை. இடதும் காபி, வலதும் காபி.

முனியம்மாக்கா தண்ணீர் பாட்டிலை மறுபடியும் மேசையில் வைக்க ஆரம்பித்திருந்தார்.

வியாழன். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் நேரம். வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர், கூடவே சென்னை ஆபீஸ் ஆட்கள். எல்லோரும் போர்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஆணியில் தொங்கிய மாணிக்கத்தின் ஐடி கார்டைக் கழற்ற எல்லோரும் மறந்திருந்தார்கள். ஒருத்தர் அதை மரியாதையாகப் படித்தார்.

மணி அடித்தது. முதல் கால் மணியில் பதினாலு. இரண்டாவதில் பதினாறு. முப்பது. சரியாகப் பாதி. என் கையில் வியர்வை, தோல் வழுக்கியது. ஆபா உதட்டுக்குள்ளே ஏதோ ஓதிக்கொண்டே தைத்தார். மூன்றாவது கால் மணியில் பதினைந்து.

அப்போதுதான் பார்த்தேன். முனியம்மாக்கா காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் பூரா வேர்வை. லேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கவில்லை. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து போனால் லைன் தோற்றுவிடும் என்று பயம்.

எனக்கு முன்பே அக்கா பார்த்துவிட்டிருந்தார். புகழேந்தி சார் வெளிநாட்டுக்காரரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நடுவில் புகுந்து, ஒருத்தர் காலை மிதித்து, அக்கா வந்தார். முனியம்மாக்காவின் சிவப்பு லேஸை அவரே எடுத்து மேலே போட்டார்.

“எழுந்திரு.”

“அக்கா, இன்னும் பதிமூணு நிமிஷம்தான்.”

“நீ எழுந்திருக்கலன்னா நானும் நிப்பேன். லைனும் நிக்கும். எழுந்திரு முனியம்மா.”

எழுந்தார். அக்கா உட்கார்ந்தார். மிஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வந்த துண்டைப் பிடித்தார், திருப்பினார், தைத்தார், தள்ளினார். தையல் நேராக இருந்தது. ஆபா பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, “கால லூசா வுடு,” என்றார்.

வெளிநாட்டு அம்மா ஒருவர் லேஸைக் காட்டி ஏதோ கேட்டார். “திஸ் இஸ் அவர் சிஸ்டம்,” என்றார் புகழேந்தி சார், நெஞ்சை நிமிர்த்தி. அந்தப் பெருமையை அவருக்கே விட்டுவிட்டோம்.

ஐம்பத்தைந்து. ஐம்பத்தேழு. முனியம்மாக்கா திரும்பி வந்தார். அக்கா எழுந்த அதே அசைவில் அவர் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை, கை மட்டும்தான் ஓடியது. மணி அடித்தபோது செக்கிங் மேசையில் அறுபத்தொரு ஜோடி இருந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். ஒரே நிறம்.

நாலாம் லைன் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மாதம் மற்ற லைன்களும் மாறின. அங்கேயும் சிவப்பு லேஸ் தொங்குகிறது. ஏழாம் மிஷினின் ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆபா அதில் இப்போது டிபன் பையை மாட்டுகிறார்.

இவ்வளவையும் கம்பெனி ஆண்டு விழா மலருக்காக எழுதி, பிழை இருந்தால் பார்த்துக் கொடுங்கள் என்று நேற்று சாயந்திரம் பஸ்ஸில் அக்காவிடமே நீட்டினேன். ஆம்பூரில் பிரித்தவர் மாதனூர் வருவதற்குள் முடித்துவிட்டார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தார்.

“நல்லாதான் எழுதியிருக்க. ஒரே ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க அக்கா.”

அக்கா தன் ஐடி கார்டைத் திருப்பி, பின்னாலிருந்து எட்டாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். பிரித்து என் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இத நான் யாருக்கும் படிச்சுக் காட்டல. வீட்ல கூட காட்டல. அப்பறம் எப்படிடி, ‘தண்ணியே குடிக்கல’ன்றது வரைக்கும் ஒரு எழுத்து மாறாம எழுதியிருக்க?”

அக்கா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.